மொழிக் களைப்பு சோம்பல் அன்று

புலம்பெயர்ந்த மண்ணில் எமது மக்கள் சுமக்கும் சுமைகளுள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று உண்டு. வதிவிட அனுமதி பற்றியும், வேலை பற்றியும், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் பற்றியும் நாம் வாய்விட்டுப் பேசுகின்றோம். ஆனால், காலை முதல் மாலை வரை புரிந்தும் புரியாததுமான ஒரு மொழியின் நடுவே அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பும் மாணவன் ஒருவன், "தலைக்குள்ளை ஒண்டும் ஏறுதில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடும்போது, அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டு விடுகின்றோம். அது சோம்பல் அன்று, களைப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாத வீட்டில், படிக்கக்கூடிய பிள்ளையே படிப்பை வெறுத்து விலகிவிடும் ஆபத்து உண்டு.

சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் எமது மக்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்த நாடுகளுள் இதுவும் ஒன்று. இங்கு வகுப்பில் கற்பிக்கப்படுவது எழுத்து ஜேர்மன். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் பேருந்திலும் கடையிலும் வேலைத்தலத்திலும் காதில் விழுவது சுவிஸ் ஜேர்மன். புத்தகத்தில் "நிஹ்ற்" என்று படித்த எதிர்மறைச் சொல் சூரிச்சில் "நொட்" ஆகின்றது. பேர்ணில் "நிட்" ஆகின்றது. மாதக்கணக்கில் கற்றதெல்லாம் வீணோ என்று மாணவன் மனம் சோர்வதில் வியப்பில்லை.

1959 இல் அமெரிக்க மொழியியலாளர் சார்ள்ஸ் பேர்கசன், எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றுமாக இருவழக்குக் கொண்ட மொழிகளை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களுள் சுவிஸ் ஜேர்மனும் ஒன்று. தமிழராகிய எமக்கு இந்நிலை புதியதன்று. "வருகிறார்கள்" என்று நூலிற் கற்ற வேற்றுமொழிக்காரர் ஒருவர், சுன்னாகம் சந்தையில் "வருகினம்" என்று கேட்டுத் திகைத்து நிற்பதை எண்ணிப் பார்ப்போமாயின், எமது பிள்ளையின் திகைப்பும் எமக்கு விளங்கும்.

தாய்மொழியைக் கேட்கும்போது பாதி வாக்கியத்திலேயே மீதியை மனம் ஊகித்துக்கொள்கின்றது. புதிய மொழியிலோ ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, பொருளைத் தேடி, விடையை அடுக்குவதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போய்விடும். இரைச்சலுள்ள இடத்தில் இச்சிரமம் மேலும் பெருகும். உணவகச் சமையலறையில் வேலை முடித்துவிட்டு மாலை வகுப்புக்குச் செல்பவர், நேற்றுத் தெரிந்த சொல்லை இன்று மறந்து நிற்பது அறிவுக் குறைவால் அன்று. உடல் களைத்தால் ஓய்வு கொடுக்கின்றோம். மூளை களைத்தால் மட்டும் ஏன் ஏசுகின்றோம்?

இதனோடு பண்பாட்டு அதிர்ச்சியும் சேர்ந்துகொள்கின்றது. கனடாவிற் பிறந்த மானிடவியலாளர் கலேர்வோ ஓபேர்க் 1960 இல் வெளியிட்ட கட்டுரையில், பழகிய சமூக அடையாளங்களை இழப்பதனால் எழும் பதற்றமே இவ்வதிர்ச்சி என விளக்கினார். பெரிய விடயங்களை விடச் சிறியவையே எம்மைத் தடுமாற வைக்கின்றன. ஆசிரியர் முன் தலை குனிந்து நிற்பது எமக்கு மரியாதை. இங்கு அது அக்கறையின்மையாகத் தோன்றலாம். பொதுச் சலவை அறையில் எமக்குரிய நாளை மாற்றிவிட்டால் அயலவரின் முகம் மாறுகின்றது. தொடக்கத்தின் வியப்பு மறைந்து, எல்லாவற்றின் மீதும் வெறுப்பு எழும் காலம் ஒன்று வரும் என்றும், அதுவும் கடந்து போகக்கூடியது என்றும் ஓபேர்க் எழுதினார். இதனை முன்கூட்டியே அறிந்திருப்பவர் அவ்வெறுப்பின் நடுவே அவசர முடிவுகளை எடுக்கமாட்டார்.

பள்ளிப் பிள்ளைகளின் விடயத்தில் மேலும் கவனம் தேவை. கனடாவில் குடிவரவுப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ், அன்றாடப் பேச்சுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதுமாயினும், பாடநூலின் மொழியில் சக மாணவருக்கு ஈடாக வருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும் எனக் கண்டார். சுவிற்சர்லாந்தின் பெரும்பாலான மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி முடிவில், ஏறத்தாழ 12 வயதில், மாணவர்கள் வெவ்வேறு பிரிவுகளுக்கு அனுப்பப்படுகின்றனர். பத்து வயதில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அதற்குள் கிடைப்பது இரண்டே ஆண்டுகள். பிள்ளை சரளமாகப் பேசுவதைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்ந்திருக்க, பெறுபேறு வந்ததும் "படிக்கேல்லை" என்ற பழி பிள்ளையின் தலையில் விழுகின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் எமது பழக்கம் அந்தப் புண்ணிற் கோல் இடுகின்றது.

கீழ்ப்பிரிவு இறுதித் தீர்ப்பும் அன்று. தொழிற்பயிற்சியில் இணைந்து, அதன்வழி தொழில்சார் உயர்தரச் சான்றிதழைப் பெற்று, பயன்முறைப் பல்கலைக்கழகம் வரை செல்லும் பாதை இந்நாட்டில் உண்டு. வைத்தியர், பொறியியலாளர் என்ற இரு சொற்களுக்குள் பிள்ளையின் எதிர்காலத்தை அடைத்துவிடாது, இப்பாதைகளைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வகுப்பால் வந்தவரைச் சற்று நேரம் மௌனமாக இருக்க விடுங்கள். அரைகுறை ஜேர்மனில் பிள்ளையோடு உரையாட முயலாது, நிறைவான தமிழிலேயே பேசுங்கள். தாய்மொழி வளம் இரண்டாம் மொழிக்குத் துணை செய்யும் என்பதும் கமின்ஸ் வலியுறுத்திய கருத்தே. அந்தத் தமிழும் மற்றொரு பரீட்சையாகிவிடாது, இளைப்பாறும் திண்ணையாக இருக்கட்டும். வைத்தியரிடமும் அலுவலகத்திலும் மொழிபெயர்க்கும் பொறுப்பைச் சிறுபிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். கற்கும் பெரியவர்கள், எழுத்து ஜேர்மனில் பேசும்படி எதிரில் உள்ளவரைக் கேட்கத் தயங்கவேண்டாம், அது இழிவன்று.

மொழியைக் கற்கத் தேவையில்லை என்பது எமது கருத்தன்று. 2018 முதல் சுவிஸ் குடியுரிமைக்கு மொழித் தேர்ச்சிச் சான்றும் வேண்டப்படுகின்றது. வாயிருந்தும் பேசமுடியாதவர் தமது உரிமையைக் கேட்டுப் பெறவும் முடியாதவராகின்றார். கற்றே ஆகவேண்டும் என்பதனாலேயே, கற்பவர் இடைவழியில் விழுந்துவிடாமற் காக்க வேண்டும் என்கின்றோம். எமது சங்கங்கள் ஆண்டு விழாக்களுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, முன்னே வந்து கற்றுத் தேறியவர் புதிதாக வந்தவரோடு மாலையில் அமர்ந்து பேசுவதற்கு ஒதுக்கினால் எவ்வளவோ நன்மை விளையும்.

இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கண்களை மூடியிருந்தால், ஏசுவதற்கு முன் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, "இண்டைக்கு என்ன விளங்கேல்லை?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை நாளையும் வகுப்புக்குப் போவதற்கு அக்கேள்வி துணை நிற்கும்.