பாதியில் நின்ற மருந்து

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரியைக் கடந்து, தமிழகத்தின் எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பாக ஓசூரை அடைகின்றது. மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் நிறைந்த இப்பகுதியில் 1970களில் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று இங்கே சரக்கு வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. குன்றுகளிலிருந்து கருங்கல் வெட்டப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றது. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மட்டுமன்றி, ஒடிசா, பீகார் முதலிய தொலைவான மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வருகின்றனர். ஓர் அறையில் பலர் தங்குகின்றனர். இன்று ஓசூரில் வேலை. ஒப்பந்தம் முடிந்தால், சில கல் தொலைவில் கருநாடக எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியில் வேலை.

இத்தகைய தொழிலாளி ஒருவனுக்கு இருமல் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலில் நாடுவது மருந்துக் கடையை. அங்கே நான்கைந்து மாத்திரைகள் கிடைக்கின்றன. இருமல் சற்றுத் தணிகிறது. பின்னர் மீண்டும் எழுகிறது. மாலைதோறும் காய்ச்சல் வருகிறது, உடல் மெலிகிறது. இறுதியில் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று கூறுகின்றனர். ஆறு திங்கள் மருந்து உண்ண வேண்டும். இரண்டு திங்களில் காய்ச்சல் நீங்கி, உடலில் தெம்பு பிறக்கிறது. அவ்வேளையில் ஒப்பந்தம் முடிகிறது; அவன் எல்லையைக் கடக்கிறான். மருந்து நின்றுவிடுகிறது.

‘சோம்பேறி, மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை’ என்று ஊர் சொல்லும். படித்தவர்களும் அவ்வாறே சொல்வதுண்டு. அக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும்.

மருந்து பாதியில் நின்றால் கேடு உண்டு என்பதில் ஐயமில்லை. காசநோய்க் கிருமிகள் பல்கிப் பெருகும்போது, அவற்றுள் மிகச் சிலவற்றின் அமைப்பு இயல்பாகவே மாறிவிடுகின்றது. ஐசோனியசிட் என்னும் மருந்திற்கு அஞ்சாத கிருமி, ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசின் என்னும் மருந்திற்கு அஞ்சாதது பத்துக் கோடியில் ஒன்று இருக்கும். நோயால் நுரையீரலில் விழுந்த ஒரு குழியிலோ பத்துக் கோடிக் கிருமிகளும் அதற்கு மேலும் குடியிருக்கக்கூடும். ஆகவே ஒரே மருந்தைக் கொடுத்தால், அதற்கு அஞ்சாத சில கிருமிகள் எஞ்சி நிற்கும். போட்டியிட ஒருவரும் இல்லாமையால் அவையே பெருகி, குழி முழுவதையும் தமதாக்கிக்கொள்ளும். இரண்டு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்க வல்ல கிருமியோ கோடி கோடியில் ஒன்றுதான். இதனாலன்றோ மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கின்றனர்! மருந்து விட்டுவிட்டு உண்ணப்படும்போதும், இடையில் நிற்கும்போதும் அக்கட்டுக்கோப்புத் தளர்கின்றது. இவ்வாறு எதிர்ப்பாற்றல் பெறுவது கிருமியேயன்றி மனித உடல் அன்று. அத்தகைய கிருமி இருமல் வழியே மற்றொருவரின் நுரையீரலைச் சேருமாயின், ஒரு மாத்திரையையும் தவறவிடாதவரும் முதல் நாளிலேயே அம்மருந்திற்கு அடங்காத நோயாளியாகிவிடுகிறார். அவரைச் சோம்பேறி என்று எவ்வாறு கூறுவது?

இவ்வாபத்து நேற்று அறியப்பட்டதன்று. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறினார். தொண்டை வலி கண்ட ஒருவன் தானே பெனிசிலினை வாங்கிப் போதாத அளவில் உண்கிறான். அவன் உடலில் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி அவன் மனைவியைப் பற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. பெனிசிலின் பயனற்றுப்போக, அவள் இறக்கிறாள். கடையில் மருந்து எளிதாகக் கிடைக்கும் காலம் வருமுன்னரே சொல்லப்பட்ட எச்சரிக்கை இது.

கற்பனையை விஞ்சும் உண்மை நிகழ்ச்சி பிரிட்டனில் நடந்தது. 1948ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில் காசநோயாளர் 107 பேர் இடம்பெற்றனர். 55 பேருக்கு ஸ்டிரெப்டோமைசினும் ஓய்வும் அளிக்கப்பட்டன. 52 பேருக்கு ஓய்வு மட்டுமே. ஆறு திங்களில் முன்னவருள் 4 பேரும் பின்னவருள் 14 பேரும் இறந்தனர். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் மருந்து பெற்றவர்களுள் மிகப் பலருடைய கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கத் தொடங்கின. ஐந்து ஆண்டுகள் கழிந்தபோது முன்னவருள் 32 பேரும் பின்னவருள் 35 பேரும் இறந்திருந்தனர். ஒற்றை மருந்து தந்த வெற்றி ஏறக்குறைய முற்றும் கரைந்துபோயிற்று.

சேர்த்துக் கொடுக்கும் மருந்துகள் பின்னர் வந்தன. ஆனால் ஏழை நாடுகளில், நெடுநாள் மருந்தை வீட்டிலிருந்தே உண்ணும் ஒழுங்கு எவருக்கு இருக்கும் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். இவ்வையத்திற்கு விடை கண்ட ஆய்வுகள் இரண்டும் ஓசூர் நெடுஞ்சாலையின் இரு முனைகளிலிருந்து வந்தன என்பது வியப்பிற்குரியது.

ஒரு முனை சென்னை. 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கினர். அவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, அதே மருந்துகளைப் பெற்றனர். ஆய்வாளர் வாளாவிருக்கவில்லை, சிறுநீரைச் சோதித்தனர், முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். 1959இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்திருந்தனர். அவர்களால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. ஆயினும் உடல் தேறியதும் மருந்தை நிறுத்தும் பழக்கம் பலரிடம் இருந்ததை ஃபாக்ஸ் மறைக்கவில்லை. அவர் நோயாளியைப் பழிப்பதோடு நின்றுவிடவும் இல்லை. அந்நிலையத்தார் 1960களின் தொடக்கத்தில், வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துத் தம் கண்முன் மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தனர். உலகெங்கும் பின்னர்ப் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வித்திட்டவற்றுள் அதுவும் ஒன்று.

மறுமுனை பெங்களூர். அங்கே 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. அதன் ஆய்வாளர் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் காசநோயாளரைத் தேடிக் கண்டு, அவர்கள் தம் நோயை உணர்ந்தனரா என்று வினவினர். 1963இல் வெளியான விடை, பட்டிக்காட்டார் அறியாதவர் என்னும் எண்ணத்தைத் தகர்த்தது. பெரும்பாலோர் அறிகுறிகளை உணர்ந்தேயிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவ உதவியை நாடியும் சென்றிருந்தனர். ஆனால் அவர்களுள் பலருக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து! அவர்கள் தேடிச் சென்ற இடம் அவர்களை அறிந்துகொள்ளவில்லை.

இவ்விரு பாடங்களையும் ஓசூர் இன்னும் முற்றக் கற்றதாகத் தோன்றவில்லை. இன்று புட்டியின் இடத்தில் வலிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வந்துள்ளது. அது முன்னையதினும் தீயது. சாதாரணச் சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருவன. நுண்ணுயிர்க்கொல்லிக்கு அங்கே வேலையே இல்லை. காசநோய் இருமலுக்கு லெவோஃபிளாக்சசின் போன்றவற்றைச் சில நாள் கொடுத்தாலோ, நோய் சற்று மறைந்து நிற்கும்; சோதனை தாமதமாகும்; கிருமி அம்மருந்தையும் எதிர்க்கப் பழகும். மருத்துவர் சீட்டின்றிக் காசநோய் மருந்துகளையும் சில வலிய மருந்துகளையும் விற்கலாகாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும் என்றும் 2014 மார்ச்சு முதல் சட்டம் உள்ளது. சட்டம் கடைக்காரரின் கையைப் பிடிக்கும். ஆனால் அரை நாள் கூலியை இழக்க அஞ்சி மருத்துவமனைக்குப் போகாதவனின் காலை அது நகர்த்தாது.

கருங்கல் அறுப்போரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நுரையீரலைக் காசநோய் பன்மடங்கு எளிதாகப் பற்றும். அவர்களுக்கு வேண்டுவது நோய் வந்தபின் அறிவுரை அன்று. நீர் தெளித்துத் தூளை அடக்கும் ஏற்பாடும் ஆண்டுதோறும் மார்புச் சோதனையும் ஆகும்.

எதிர்ப்பாற்றல் பெற்ற காசநோய்க்கு அண்மைக்காலம் வரை ஒன்றரை ஆண்டும் இரண்டு ஆண்டும் மருந்து வேண்டியிருந்தது. அவற்றுள் சில ஊசிகள் செவிப்புலனையே போக்கின. நான்கு மருந்துகளை ஆறு திங்கள் உண்ணும் புதிய முறைக்கு 2024இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. பெரிதும் மகிழத்தக்க செய்தி அது. ஆனால் அதன் தலையாய மருந்தாகிய பெடாகுயிலினை எதிர்க்கும் கிருமிகளும் சில நாடுகளில் தோன்றிவிட்டன. புதிய மருந்தையும் பழைய வழியிலேயே இழக்க நேரும்.

எல்லையைக் கடக்கும் நோயாளியின் விவரம் அவனோடு செல்லுதற்கு வழி இன்று இல்லாமலில்லை. 2012 முதல் இயங்கும் ‘நிக்ஷய்’ என்னும் கணினிப் பதிவேடு, ஒரு மாநிலத்து நோயாளியை மற்றொரு மாநிலத்து மருத்துவ நிலையத்திற்கு மாற்றிக் கொடுக்க வல்லது. சத்துணவிற்காகத் திங்கள்தோறும் வழங்கும் தொகையும் 2024 நவம்பரில் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. ஆனால் நோயாளி இடம் மாறுவதைப் பதிவேடு தானாக அறியாது. எவரேனும் சொல்ல வேண்டும். அவன் வேலை முடியும் நாளை முன்கூட்டியே அறிந்தவர் ஒப்பந்தக்காரர். நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சித் தொழிலாளி அவரிடமே அதை மறைக்கிறான். மருந்து உண்ணும் ஆறு திங்களிலும் ஒருவனை நோய் காரணமாக வேலையினின்று நீக்கலாகாது என்னும் உறுதியை ஆலைகள் எழுத்தில் தருதல் வேண்டும். மருந்து வாங்கச் செல்லும் நாளின் கூலியையும் பிடித்தம் செய்யலாகாது. மாலைப்பணி முடிந்து வருவோர்க்கும் இரவில் ஒரு மணி நேரமேனும் மருந்து நிலையம் திறந்திருத்தல் வேண்டும்.