பேப்பரை எடைக்குப் போடறாங்க சார்!

போன வாரம் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். கல்லூரி வாத்தியார், வேதியியல். பதவி உயர்வு இன்டர்வியூ முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வியே "உங்க மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்பதுதானாம்.

இவர் பத்து வருஷமாகச் செய்த வேலை, தர்மபுரிப் பக்கம் கிணறு கிணறாகப் போய் தண்ணீரில் ஃப்ளூரைடு அளந்தது. எந்த ஆழத்தில் எவ்வளவு, மழைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. சின்னப் பசங்களுக்கே பல் காவியேறிப் போன ஊர்கள் அவை. அதைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. கூட்டல் கணக்கு மட்டும். தொகை பத்தலையாம்.

அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும், இன்னின்னார் சொன்னதை வைத்து இதை எழுதினேன் என்று. அதுதான் சைட்டேஷன். ஒரு பேப்பரைப் படித்தால் அதற்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பட்டியலில் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் யார் அதை எடுத்துக்கொண்டார்கள், யார் தப்பென்று சொன்னார்கள்? அது தெரியாது. அமெரிக்க வக்கீல்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. ஷெப்பர்ட்ஸ் என்ற புத்தகத் தொகுதியைப் புரட்டினால், ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று தெரிந்துவிடும். இதையே அறிவியலுக்கும் செய்தால் என்ன என்று 1955ல் சயின்ஸ் இதழில் எழுதினார் யூஜின் கார்ஃபீல்டு. 1964ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. கவனியுங்க, இது தேடுவதற்குச் செய்த கருவி. யாருக்கும் மார்க் போடச் செய்ததில்லை.

டெரெக் பிரைஸ் என்று இன்னொருவர். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் வாத்தியார். அங்கே நூலகக் கட்டடம் முடியாததால் ராயல் சொசைட்டியின் பழைய இதழ்த் தொகுதிகளை 1665லிருந்து வீட்டில் வைத்திருந்தாராம். பத்துப் பத்து வருஷமாகச் சுவர் ஓரமாக அடுக்கினால், அடுக்குகள் மேலே மேலே வளைந்து ஏறுகின்றன! அறிவியல் எந்த வேகத்தில் பெருகுகிறது என்று சுவர் ஓரத்திலேயே வரைபடம். (நம்ம வீட்டுல அடுக்கினா பழைய பேப்பர்காரர்தான் வருவார் :-) ) இதே பிரைஸ்தான் 1965ல் சைட்டேஷன்களை ஒரு வலையாகப் பார்க்கலாம் என்று எழுதினார். 1973ல் ஹென்றி ஸ்மால், இரண்டு பேப்பர்களைப் பலரும் சேர்த்தே குறிப்பிட்டால் அவை பக்கத்துப் பக்கத்து வீடு என்று வைத்து, அறிவியலுக்கே மேப் போடும் வழி காட்டினார். ரஷ்யாவில் இரினா மார்ஷகோவா தனியாக அதே வருஷம் அதே யோசனைக்கு வந்தார். எவ்வளவு அழகான விஷயம்!

இதை வைத்து நாம் என்ன பண்ணினோம்? தராசு பண்ணினோம்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு சராசரி. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை முறை மற்றவர்கள் குறிப்பிட்டார்கள், அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஜர்னலுக்கான எண், ஆளுக்கானது இல்லை. பள்ளிக்கூடத்தின் சராசரி மார்க்கை எடுத்து உங்க பையன் மார்க் இதுதான் என்று எழுதினால் சும்மா இருப்பீங்களா?

அந்தச் சராசரியும் எப்படிப்பட்டது தெரியுமா? ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2ஐ ஒட்டித்தான் இருந்தது. 2009ல் திடீரென்று 49.926. நேச்சர், சயின்ஸ் எல்லாம் பின்னால். காரணம், ஷெல்எக்ஸ் என்ற மென்பொருள் பற்றி 2008ல் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. அந்த மென்பொருளைத் தொட்டவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். அந்த ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் ஒரே வருஷத்தில் இருபது மடங்கு மேதை ஆகிவிட்டார்களா? 2014ல் நேச்சர் இதழ் அதிகம் குறிப்பிடப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் புரதத்தை அளக்கும் ஒரு செய்முறைக்கு, லௌரி 1951ல் எழுதியது. டிஎன்ஏவின் அமைப்பைச் சொன்ன வாட்சன் - கிரிக் கட்டுரை நூறுக்குள்ளேயே இல்லை.

சரி, மேப் போட்டால் என்ன லாபம்? சென்னையிலேயே உதாரணம் இருக்கு. சுப்பையா அருணாசலம். இந்தியாவில் இந்தத் துறைக்கு முன்னோடி. 2002ல் கரண்ட் சயின்ஸ் இதழில் அவரும் குணசேகரனும் காசநோய் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் யார், எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்த இதழில் எழுதுகிறார்கள் என்று தொண்ணூறுகளின் கட்டுரைகளை வைத்து வரைந்தார்கள். நோயின் சுமையில் நமக்குள்ள பங்கு எங்கே, ஆராய்ச்சியில் நம் பங்கு எங்கே... ஏணி வைத்தாலும் எட்டாது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்றைக்கும் இந்தியாவில்தான். நீரிழிவுக்கும் இதே மாதிரி ஒரு கட்டுரை எழுதினார்கள். காசை எங்கே போடணும் என்று அரசாங்கத்துக்குக் காட்டுகிற வேலை இது.

அதே சென்னையில் 1956ல் ஆரம்பித்த காசநோய் ஆய்வு ஒன்று, சரியான மருந்து கொடுத்தால் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், சானடோரியம் தேவையில்லை என்று நிரூபித்தது. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியானது. உலகம் முழுக்க வைத்திய முறையே மாறியது. அதை எழுதியவர்கள் இன்றைக்கு அந்த ரூமுக்குள் போனால், "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?"

"அப்ப எதை வச்சுத்தான்யா அளக்கறது? சிபாரிசை வச்சா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எண் வந்ததால் மாமன் மச்சான் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எண் என்று வந்ததும் அதை விற்கவும் ஆள் வந்தாச்சு. யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018ல் 4,305 ஜர்னல்களைத் தூக்கியது. முதலில் சேர்த்தது யார்? அதே யுஜிசிதான்! அதே வருஷ விதிகளில் கட்டுரைக்குக் கூடுதல் புள்ளி: இம்பாக்ட் ஃபேக்டர் 1க்குக் கீழே என்றால் 10, பத்துக்கு மேலே என்றால் 30. உள்ளே என்ன எழுதியிருக்கு என்பதற்கு எத்தனை புள்ளி? ஆளுக்கு மார்க் போட ஜர்னல் எண்ணை எடுக்காதீங்க என்று சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013லேயே சொல்லிவிட்டது. கார்ஃபீல்டே இம்பாக்ட் ஃபேக்டரை அணுசக்தியோடு ஒப்பிட்டுப் பேசினவர்தான். 2017ல் இறந்துபோனார்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. இன்டர்வியூவுக்கு வருகிறவரிடம் அவருடைய மூன்று பேப்பரை வாங்குங்க. படிங்க. அந்த விஷயம் தெரிந்த ஒருவரையாவது எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேளுங்க. அரை நாள் ஆகும். சம்பளம் வாங்கிக்கொண்டுதானே உட்காருகிறீர்கள்?

நேற்று நண்பர் திரும்பக் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்குத் தயாராகிறாராம். "கிணத்து டேட்டாவ மூணாப் பிரிச்சு மூணு பேப்பரா அனுப்பிடவா? மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஆழத்துக்கு ஒண்ணு." அப்படிப் பிரித்தால் எந்தக் கிணற்றில் எப்போது குடிக்கலாம் என்று ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அது தெரியாதுதான்"னார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.