வேலியோர நிழலில் என்ன பூக்கும்?

தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த சகோதரிகள் பலர் சொல்லும் குறை ஒன்றுதான். "அக்கா, லயத்து வாசலில் கொட்டிக் கொட்டிப் பூத்த செடி, இங்கே ஒரு மொட்டுகூட வைக்கமாட்டேங்குதே!"

என் தாயாரும் அப்படித்தான் புலம்பினார். தோட்டம் கைமாறி நாங்கள் வெளியேறிய அன்று, தட்டுமுட்டுச் சாமான்களோடு லயத்து மல்லிகையையும் வேர்மண்ணோடு அரிசிச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினார் அப்பா. அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். புது வீட்டில் மண் என்று இருந்தது சுவருக்கும் வேலிக்கும் நடுவே 2 அடி அகலம் மட்டுமே. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமரம். மல்லிகை அங்கே சாகவில்லை. கொடி கொடியாய் நீண்டு இலை விட்டது. பூ மட்டும் இல்லை. அம்மா சாணம் வைத்தார், அரிசி கழுவிய நீர் ஊற்றினார். குறை எருவில் இல்லை, வெயிலில்தான். மல்லிகைக்கு அரை நாள் வெயிலாவது வேண்டும்.

ஆகவே, பூவைத் தேர்ந்தெடுக்கும் முன் நிழலைப் பாருங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், மே, ஜூன், ஜூலையில் நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் தெற்கே. ஜூனில் இருண்டு கிடக்கும் தெற்குச் சுவரோரம் டிசம்பரில் வெயில் காயும்.

அடுத்தது மண். புது வீட்டு வேலியோரம் ஓர் அடி தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் வரும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மக்கிய இலையும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்புங்கள். சிமெண்டு கலந்த மண்ணில் இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறும். நோய் என்று நினைத்து மருந்தடித்துக் காசைப் பாழாக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்த இடத்துக்கு முதல் செடி கனகாம்பரம். காலை வெயில் 3, 4 மணி நேரம் பட்டால் போதும். உயரமும் முழங்காலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். காய்ந்த கதிரில் நீர் பட்டால் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும்; பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. விதை முளைக்கத் தாமதமாகும். அவசரக்காரர்கள் தண்டை வெட்டி நடலாம்.

சாமிக்கு வெள்ளைப் பூ வேண்டுமானால் நந்தியாவட்டை. ஆள் உயரம் போகும், அதனால் வேலிக் கம்பியை ஒட்டி வைத்துக் கவாத்து செய்துகொண்டே இருங்கள். கிளையை வெட்டினால் பால் வடியும். பால்மரம் சீவிய கைகளுக்கு அது புதிதா என்ன! கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் காசித்தும்பை விதை தூவலாம். இரண்டு மாதத்தில் பூக்கும். நெருக்கமாக விட்டால் மழைக்காலத்தில் தண்டு அழுகும், ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

வெயிலே எட்டாத மூலையில் பூவுக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே பாண்டான் வையுங்கள், நாசி லெமாக்குக்கு ஆகும். வண்ண இலைக் கிளாடியும் அழகுதான். ஆனால் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, "மல்லிகையை எடுத்துடலாமாம்மா?" என்று கேட்டேன். "உங்கப்பா கையால வச்சதுடி" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. ஒரு கொடியை மட்டும் வளைத்து மண்ணில் பதியம் போட்டேன். வேர் பிடித்ததும் வெட்டி, அடியில் துளையிட்ட சாய வாளியில் நட்டு, வெயில் படும் வாசல் கேட்டருகே வைத்தேன். நான்கு மாதம் கழித்து மொட்டு வந்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வாசல் மல்லிகையையும் வேலியோரக் கனகாம்பரத்தையும் சேர்த்துத் தொடுத்து, முதல் கண்ணியை அப்பா படத்துக்குப் போடுகிறார். தாய்ச்செடி இன்னும் அந்த நிழலிலேயேதான் நிற்கிறது. அதற்கும் தினம் ஒரு செம்பு தண்ணீர் உண்டு.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். டிங்கிக் காய்ச்சல் அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.