தண்ணீர் வராத கழிப்பறைகள்

ஐதராபாத் சரூர்நகர் அரசு ஜூனியர் கல்லூரியில் நூற்றுக்கணக்கான மாணவியருக்கு ஒரே ஒரு கழிப்பறை. மாதவிடாயைத் தள்ளிப்போட அவர்கள் மாத்திரை விழுங்குகின்றனர். சட்ட மாணவர் ஒருவர் இப்படி எழுதிய கடிதத்தை 2023இல் தெலுங்கானா உயர்நீதிமன்றம் பொதுநல வழக்காக ஏற்று, மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தகவல் தொழில்நுட்பத் தலைநகர் என்று பீற்றிக்கொள்ளப்படும் மாநகரின் மறுபக்கம் இது.

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. பள்ளிகளில் பாதுகாப்பான குடிநீரும், மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆறு மாதங்களுக்குள் இவற்றை ஏற்படுத்துமாறு 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2014 சுதந்திர தின உரையில் ஓராண்டு கெடு விதித்த மோடி அரசு, மறு ஆண்டே இலக்கு எட்டப்பட்டதாகத் தம்பட்டம் அடித்தது. பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய கழிப்பறைகளை 15 மாநிலங்களில் நேரில் ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2020இல் இந்தத் தம்பட்டத்தைக் கிழித்தெறிந்தது. 72 சதவீதக் கழிப்பறைகளுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை. 55 சதவீதத்தில் கைகழுவும் வசதி இல்லை. 75 சதவீதம் முறையாகப் பராமரிக்கப்படவில்லை.

காரணம் எளிது. கட்டடம் ஒருமுறைச் செலவு. அதில் ஒப்பந்தம் உண்டு, கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. தண்ணீரும் துப்புரவுத் தொழிலாளியும் அன்றாடச் செலவு. நவீன தாராளமய ஆட்சியாளர்கள் முதலில் கைவைப்பது இச்செலவில்தான்.

தெலுங்கானாவில் 2022இல் சந்திரசேகர ராவ் அரசு பள்ளி மேம்பாட்டிற்கு 7,289 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பே, கொரோனா காலத்தில், பள்ளித் துப்புரவுப் பணியாளர்கள் கைவிடப்பட்டு, அவர்களது வேலை உள்ளாட்சிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. 2024இல் காங்கிரஸ் அரசு, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதம் 3,000 முதல் 20,000 ரூபாய் வரை தூய்மைப் பணிக்கு ஒதுக்கியது. சிறிய பள்ளிக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய்! குறைந்தபட்ச ஊதியமோ, வருங்கால வைப்புநிதியோ இல்லாத இந்த வேலைக்கு வருவோர் பெரும்பாலும் தலித் பெண்களே. ஆள் கிடைக்காத இடத்தில் துடைப்பம் குழந்தைகளின் கைக்குப் போகிறது. எந்தக் குழந்தையின் கைக்கு என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

எனவே ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நிரந்தரத் துப்புரவுப் பணியிடம், சட்டப்படியான ஊதியம், தடையற்ற குழாய்த் தண்ணீர், நாப்கினும் அதை அகற்றும் வசதியும் என்ற கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகளும் மாணவர், மாதர், ஆசிரியர் அமைப்புகளும் ஒருசேர எழுப்ப வேண்டும். ஐதராபாத்திற்கு மட்டுமல்ல, தமிழகத்திற்கும் இது பொருந்தும். பள்ளிக்குச் செல்லும் தோழர்கள் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், குழாயைத் திறந்து பார்க்கட்டும். போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.