சுழற்சிப் பொருளாதாரம்: சுற்றுவது யாருடைய கை?



'சுழற்சிப் பொருளாதாரம்' இப்போது எல்லாக் கல்லூரி வாசலிலும் பேனராகத் தொங்குகிறது. எடு, செய், தூக்கிப் போடு என்கிற நேர்க்கோட்டை வளைத்து வட்டமாக்க வேண்டுமாம். பழுது பார்க்க முடிகிற, பிரிக்க முடிகிற, திரும்பப் பயன்படுகிற விதத்தில் பொருள்களை வடிவமைக்க வேண்டுமாம். 2010-இல் இங்கிலாந்தில் தொடங்கிய எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை இந்தப் பேச்சை உலகெங்கும் கொண்டுபோனது. இன்று நம் ஊர் ஷாம்பு கம்பெனி வரைக்கும் அதே பாஷையில்தான் ஆண்டறிக்கை எழுதுகிறார்கள்.

இந்தக் கருத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பூமியைத் தோண்டுவதைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? சண்டை அந்தப் படத்தோடுதான். படத்தில் வட்டம் தானாகச் சுற்றுகிறது. 'நுகர்வோர்' என்ற கட்டத்திலிருந்து ஒரு பச்சை அம்புக்குறி கிளம்பி 'மறுசுழற்சி' என்ற கட்டத்தில் போய் இறங்குகிறது. அந்த அம்புக்குறிக்குள் விடியற்காலை நான்கு மணிக்குச் சாக்கோடு குனிந்து நிற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரை வரைய யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வட்டம் நமக்குப் புதிதும் இல்லை. பழைய கிராமத்தை நினைத்துப் பாருங்கள். மாடு செத்தால் சேரிக்குச் செய்தி வரும். இழுத்துப் போக வேண்டும், உரிக்க வேண்டும். தோல் செருப்பானது, கமலை இறைக்கும் பையானது, பறையானது. கொம்பும் எலும்பும் விலைக்குப் போயின. ஒன்றும் வீணாகவில்லை. நேர்த்தியான சுழற்சிதான். ஆனால் மாட்டின் பால் ஒரு தெருவுக்கும் பிணம் இன்னொரு தெருவுக்கும் என்று பிரித்து வைத்தது சாதி. வட்டத்தின் எந்தப் பகுதியில் யார் நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. 'நம் முன்னோர் அன்றே எதையும் வீணாக்காமல் வாழ்ந்தார்கள்' என்று சிலாகிக்கும் சூழலியல் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: முன்னோர் என்றால் யாருடைய முன்னோர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வாதத்தை அம்பேத்கர் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார். செத்த மாட்டைச் சுமக்காதீர்கள் என்று அவர் மகர் மக்களிடம் சொன்னபோது, தோல், கொம்பு, எலும்பு, குளம்பில் வரும் வருமானத்தை இந்த ஏழைகளிடமிருந்து பறிக்கிறாரே என்று 'கேசரி' இதழில் ஒருவர் கணக்குப் போட்டு எழுதினார். அவ்வளவு லாபமான தொழில் என்றால் உங்கள் ஆட்களே எடுத்துச் செய்யட்டும், மேற்கொண்டு பணமும் நான் தருகிறேன் என்பது அம்பேத்கரின் பதில். 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் ஏற்ற மறுநாள் ஆற்றிய உரையில் இதை நினைவுகூர்ந்தார். சவாலை ஏற்று யாரும் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களைப் பொறுத்தவரை சுழற்சிப் பொருளாதாரத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு வேலையின் உண்மையான விலை என்ன? வேறு சாதிக்காரர் ஒருவர் தன் விருப்பத்தோடு அதைச் செய்ய வர எவ்வளவு கேட்பாரோ, அதுதான். அந்த விலையைக் கொடுத்த பிறகும் உங்கள் தொழில் லாபத்தில் ஓடுகிறதா? ஓடினால் அது நிலைத்த தொழில். ஓடாவிட்டால், உங்கள் லாபக் கணக்கில் சாதி தரும் மானியம் ஒளிந்திருக்கிறது. எந்தத் தணிக்கையாளரும் அதை எழுதிக் காட்டுவதில்லை.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால் உனாவை நினைவுபடுத்துங்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். வட்டத்தின் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றதும் அதே சமூகம்தான், நின்றதற்கு அடித்ததும் அதே சமூகம்தான். பதிலுக்கு அங்குள்ள தலித்துகள் மாட்டுப் பிணங்களைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். இனி எடுக்க மாட்டோம், எங்களுக்கு நிலம் கொடு என்றார்கள். கூலியை உயர்த்து என்று கேட்காமல் நிலத்தைக் கேட்டார்களே, அதைக் கவனியுங்கள்.

இனி நகரத்துக்கு வருவோம். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வேலை செய்வோரை ஒன்றிய அரசே கணக்கெடுத்தது. 2024-இல் வெளியான விவரப்படி, கணக்கில் வந்த சுமார் 38,000 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். குப்பை பொறுக்கும் வேலையில் சாதி எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ அரை நாள் நின்றால் போதும், புள்ளிவிவரம் தேவைப்படாது.

வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'மறுசுழற்சி செய்யத்தக்கது' என்று பாக்கெட்டில் முக்கோணம் போட்டால் ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போய்விடாது. அதை முடிவு செய்வது காயலாங்கடை. பெட் பாட்டிலுக்கு அங்கே விலை உண்டு, அதனால் அது தெருவில் தங்குவதில்லை. ஷாம்பு பாக்கெட்டுக்கு விலை இல்லை. பல அடுக்கு பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது, ஒரு கிலோ சேர்க்க எத்தனை நூறு பாக்கெட் குனிந்து எடுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த அக்காவும் எடுக்க மாட்டார். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறை நம் கடலூரில்தான் வளர்ந்தது. ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது என்று வணிகக் கல்லூரிகளில் அதைப் புகழ்ந்து பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாக்கெட் பிறகு எங்கே போகிறது, யார் வாய்க்காலை அடைக்கிறது, அதைத் தூர்வார யார் இறங்குகிறார் என்பது பாடத்தில் வராது.

சானிட்டரி நாப்கினையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைச் சுற்றிப் போட உற்பத்தியாளர் உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. ஒரு சின்ன உறை, அவ்வளவுதான். பிறகு ஏன் எங்களோடு பேசிய தூய்மைப் பணியாளர்கள், வெறும் கையால் பிரிக்கும் பொருள்களில் முதலாவதாக அதைச் சொல்கிறார்கள்? வடிவமைத்தவரின் மேசையில் வாங்குபவரின் முகம் இருந்தது, பிரிப்பவரின் கை இல்லை. செல்போனைப் பசை போட்டு ஒட்டுகிறவரும் இப்படித்தான். அதை உடைத்து, செம்புக்காகக் கம்பியை எரித்து, அந்தப் புகையைக் குடிப்பவர் அவருக்கு நுகர்வோர் இல்லை.

அதே 2016 விதிகள், குப்பை பொறுக்குவோரைப் பதிவு செய்து கழிவு மேலாண்மையில் இணைக்க வேண்டும் என்றும் உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தன. எத்தனை ஊரில் நடந்தது என்று உங்கள் நகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுபக்கம், 2022-இல் பிளாஸ்டிக்குக்கு 'உற்பத்தியாளர் பொறுப்பு' நெறிமுறை வந்தது. கம்பெனி தான் விற்ற பிளாஸ்டிக்குக்கு ஈடாக, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். பணம் கம்பெனிக்கும் ஆலைக்கும் நடுவே கைமாறுகிறது. பொறுக்கியவருக்கு அதில் பங்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சான்றிதழாவது உண்மையா? 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில ஆலைகளைச் சோதித்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. காகிதத்தில் வட்டம் நன்றாகவே சுற்றியிருக்கிறது.

2025 ஆகஸ்ட்டில் சென்னையில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அடுத்த நாள் அவர்களுக்கு இலவசக் காலை உணவு அறிவிக்கப்பட்டது. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கும் முதல் கை இவர்களுடையது. அந்தக் கைக்கு நிரந்தர வேலை இல்லை என்றால், அந்த நகரம் போடும் சுழற்சிப் பொருளாதாரத் திட்டத்துக்கு என்ன அர்த்தம்?

வேறு வழியே இல்லையா? புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள், 1993-இல் சங்கம் வைத்தார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைத்து 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணமும் அவர்களுக்கு, பிரித்து விற்கும் பொருளும் அவர்களுக்கு. தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில், பொறுக்குவோர் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். பொருளின் விலைக்கு மேல், நகரத்துக்குச் செய்யும் சேவைக்கும் எடைக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். எளிதாகக் கிடைத்ததும் இல்லை, நிம்மதியாக நீடிப்பதும் இல்லை. ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் புனே பெண்கள் தெருவுக்கு வந்துதான் ஆகிறது.

சில தோழர்கள் எங்களிடம் கோபமாகக் கேட்கிறார்கள்: குப்பையில் உரிமை கேட்பது, நம்மைக் குப்பையிலேயே கட்டிப் போடுவது ஆகாதா? உனாவில் விட்டு வெளியேறினார்களே, நீங்கள் கூட்டுறவு வைக்கச் சொல்கிறீர்களே? கேள்வி நியாயமானது. எங்கள் நிலை இதுதான். இன்று அந்த வேலையில் இருப்பவருக்கு அந்தப் பொருளின் மீது முதல் உரிமை, நிரந்தரச் சம்பளம், கையுறையும் இயந்திரமும் வேண்டும். அவருடைய மகளுக்கு அந்த வேலையைத் தவிர மற்ற எல்லாமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் தரப்போவதில்லை. கூலி உயர்ந்தால்தான் இயந்திரம் மலிவாகத் தெரியும். ஒரு உயிர் மலிவாகக் கிடைக்கும் வரை எந்தக் கம்பெனியும் கருவிக்குச் செலவு செய்யாது.

அடுத்த முறை உங்கள் கல்லூரியில் நிலைத்த வடிவமைப்புப் போட்டி வைத்தால் போய்க் கலந்துகொள்ளுங்கள். நடுவர் வரிசையில் ஒரு தூய்மைப் பணியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனியிடம், உங்கள் பொருளைப் பிரிப்பவருக்கு ஒரு கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். 'அது எங்கள் விற்பனையாளர் பார்த்துக்கொள்கிறார்' என்று பதில் வரும். அந்த விற்பனையாளரின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.