படியெடுப்பார் யார்?

கைப்பேசியில் எடுக்கும் படங்களையும் காணொளிகளையும் எங்கே வைத்துக் காப்பது என்ற கேள்வி எழாத வீடு இன்று அரிது. மெமரி கார்டே போதும் என்பார் ஒரு சாரார். கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பகமே துணை என்பார் மறு சாரார். பொருள் நம் கைக்குள் இருக்கிறது, மாத வாடகை இல்லை, இணைய இணைப்பு வேண்டாம், பிறர் கண் படாது என்பது முன்னவர் வாதம். கைப்பேசி களவு போனாலும் கிணற்றில் விழுந்தாலும் படங்கள் பிழைத்துக்கொள்ளும், புதுக் கைப்பேசி வாங்கிக் கடவுச்சொல்லைத் தட்டினால் எல்லாம் திரும்பி வரும் என்பது பின்னவர் வாதம். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரு சாராரும் ‘எங்கே வைப்பது’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். காத்தல் என்பது இடத்தைப் பொறுத்ததா, ஆளைப் பொறுத்ததா என்று கேட்டால், ஓலைச்சுவடிகளின் வழியே இலக்கியத்தைப் பெற்ற நமக்கு அதற்கான விடை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மெமரி கார்டை எடுத்துக்கொள்வோம். 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட மைக்ரோ எஸ்டி அட்டைக்குள் ஒரு குடும்பத்தின் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அடங்கிவிடுகின்றன என்பது வியப்புக்குரியதே. ஆனால் அது கல்வெட்டு அன்று. அதனுள் இருப்பது நுண்ணிய சிற்றறைகளில் அடைபட்ட மின்னூட்டம். அது காலப்போக்கில் கசியும். வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். ஒவ்வோர் அறையும் இத்தனை முறைதான் எழுதி அழிப்பதைத் தாங்கும் என்ற வரம்பும் உண்டு. அட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருப்பவர், திறந்த கிண்ணத்தில் கற்பூரத்தை வைத்துப் பூட்டியவரை ஒத்தவர்.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. ஏடு சிதையும்போது சொல்லிவிட்டுச் சிதைகிறது. ஓரம் நொறுங்கும், பூச்சி துளையிடும், சில எழுத்துகள் மறையும். பாதிப் பாட்டாவது மிஞ்சும். மெமரி கார்டின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதானால் முன்னறிவிப்பு ஏதுமின்றி நேற்றுவரை இருந்த ஆயிரம் படங்களும் ஒருசேர மறைந்துவிடும். சந்தையில் உலவும் போலி அட்டைகளின் கதை தனி. மேலே அச்சிட்ட கொள்ளளவில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். அது நிரம்பியபின் எழுதப்படுபவை வீணாகும், அல்லது முன்பிருந்தவற்றின் மேலேயே எழுதப்படும். அசல் அட்டைக்கான உத்தரவாதமும் பொதுவாகப் புது அட்டை தருவதோடு முடிகிறது. உள்ளிருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

எங்கள் துறையில் முதுகலை பயின்ற மாணவி ஒருவர், நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காகத் தம் பாட்டி பாடிய ஒப்பாரிகளைக் காணொளியாகப் பதிந்து வைத்திருந்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடம். ஒருநாள் கைப்பேசி அணைந்தது, மீண்டும் எழவில்லை. அட்டை பழுதின்றி இருந்தும் வேறெந்தக் கருவியிலும் திறக்கவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பிலிருந்து, அட்டையைக் கைப்பேசியின் உள் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அப்படிச் சேர்த்தால் அட்டை முழுவதும் மறைகுறியாக்கப்பட்டு, அதன் திறவுகோல் அந்தக் கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடும். கைப்பேசி போனால் அட்டை சாவி இல்லாத பெட்டி. பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். மாணவி தம் குறிப்பேட்டில் கையால் எழுதி வைத்திருந்த பதினொரு பாடல்கள் எஞ்சின. குரல் எஞ்சவில்லை. ‘பொருள் என் கையில் இருக்கிறது’ என்ற வாதத்தின் எல்லை இதுதான். கையில் இருப்பது வேறு, வாய்ப்பது வேறு.

அப்படியானால் மேகமே சிறந்ததா? அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலான கடலோர ஊர்களில் மனிதரோடு அவர்தம் புகைப்படங்களையும் கொண்டுசென்றது. மாலையிட்டு வைக்க ஒரு படமும் இல்லாமற்போன வீடுகள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ தரைத்தள வீடுகளின் திருமண ஆல்பங்கள் சேறாகிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. வீடு முழுகினாலும் முழுகாத இடத்தில் ஒரு படி இருக்கிறது என்பது சிறிய ஆறுதல் அன்று. அதை முதன்முறையாகச் சாதாரண மக்களுக்கு எளிதாக்கியது மேகச் சேமிப்பகம்தான்.

ஆனால் மேகம் என்ற பெயரே ஒரு மயக்கம். அது வானத்தில் இல்லை. பிறருடைய கட்டடத்தில், பிறருடைய கணினியில், பிறருடைய விதிகளின்கீழ் இருக்கிறது. 2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ் வந்தபோது, சற்றே சுருக்கிய அளவில் எத்தனை படங்களையும் இலவசமாக வைக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி. இன்றைய கைப்பேசியில் 4கே காணொளி சிக்கன வடிவத்திலேயே நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி பிடிக்கும். அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரப் பதிவுக்குள் இடம் தீர்ந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குக்கூடக் காணாது. ஈராண்டு தொடப்படாத கணக்குகள் அழிக்கப்படலாம் என்ற விதியையும் அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது. மைஸ்பேஸ் தளம், பழைய படங்களும் பாடல்களும் சேவையகம் மாற்றும்போது போய்விட்டன என்று 2019இல் சொல்லிவிட்டு அமைதியாயிற்று. 2015 வரையிலான பன்னிரண்டு ஆண்டுப் பதிவேற்றங்கள் அவை.

மேகத்தை நம்புவோரில் பலர் ஒத்திசைவையும் காப்புப்படியையும் ஒன்றென எண்ணுகிறார்கள். கைப்பேசியின் கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் அது மேகத்திலிருந்தும் நீங்கும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடந்தபின் முற்றாகப் போய்விடும். நம் தவறு உடனுக்குடன் எல்லா இடத்துக்கும் பரவும் ஏற்பாட்டைக் காப்பு என்று எப்படிச் சொல்வது? கணக்கே பறிபோவதும் உண்டு. நோயுற்ற தன் குழந்தையை மருத்துவருக்குக் காட்டுவதற்காகப் படமெடுத்த ஓர் அமெரிக்கத் தந்தையின் கணக்கு 2021இல் இயந்திரச் சோதனையில் சிக்கி முடக்கப்பட்டது. காவல்துறை குற்றமில்லை என்று கண்ட பின்னரும் அவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை என்பதை 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவரின் தந்தையார், ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைப் படமெடுத்து வந்தவர். எல்லாப் படங்களும் மேகத்தில் இருந்தன. அவர் மறைந்தபின் அவருடைய சிம் அட்டைக்குப் பணம் கட்டும் நினைவு யாருக்கும் வரவில்லை, எண் துண்டிக்கப்பட்டது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அதை மாற்ற வரவேண்டிய ஓடிபி, இல்லாத எண்ணுக்குப் போகிறது. இறந்தவரை நினைக்கக் கல் நட்டவர்களின் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஒருவரின் சேகரம், அவர் இறந்ததாலேயே பூட்டிக்கொண்டது. கணக்கு நெடுநாள் செயலற்றுப் போனால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியைக் கூகுள் 2013 முதலும், இறந்தபின் உரியவர் அணுகும் வசதியை ஆப்பிள் 2021 டிசம்பர் முதலும் தருகின்றன. நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதும் குடும்பங்களிலும் இதைச் செய்து வைத்தவர்களை நான் கண்டதில்லை. இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆல்பம் யாரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். கணக்கு அப்படிச் சேராது.

ஆக, அட்டை உடைமையைத் தருகிறது, பராமரிப்பைத் தரவில்லை. மேகம் பராமரிப்பைத் தருகிறது, உடைமையைத் தரவில்லை. இரண்டுக்கும் பொதுவான நோய் ஒன்று: ஒரே படி, ஒரே இடம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படியிருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெற வழியிருந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அன்றோடு முடிந்தன. அது மனிதர் வைத்த தீ, ஓர் இனத்தின் நெஞ்சில் வைத்த தீ. விபத்தோடு அதை நிகராக்க முடியாது. ஆனால் ஒரே படியின் கதி இரண்டிலும் ஒன்றே என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத்தால் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ‘ஜி டிரைவ்’ என்னும் மேகச் சேமிப்பகம் அழிந்தது. 858 டெராபைட். கொள்ளளவு பெரிது என்பதால் வெளியே வேறு படி எடுக்கப்படவில்லை. கணினித் தொழிலில் முன்னணியில் நிற்கும் நாட்டின் அரசுக்கே இதுதான் நிலை.

இனி நம் சுவடிகளுக்கு வருவோம். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. சங்கப் புலவர் காலத்து ஏடு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க ஒப்பு நோக்கியவை, படியின் படியின் படிகளே. ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது ஓலை அன்று. ஏடு நொறுங்குமுன் புது ஓலை வாரி, எழுத்தாணி எடுத்து உட்கார்ந்த பெயர் தெரியாத மனிதர்களின் வரிசை அது. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றால், அந்த வரிசை எங்கோ ஒரு தலைமுறையில் அறுந்தது என்பதே பொருள்.

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம்மவர் சொல்வார்கள். கையால் படியெடுத்தால் பிழை நேரும். பாடபேதங்களோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்கள் அதை அறிவார்கள். கணினிப் படியில் அந்தக் குறை இல்லை. ஓர் எழுத்தும் பிசகாத படியைச் சில நிமிடங்களில் எடுக்கலாம். முன்னோர்க்கு மாதக்கணக்கில் முதுகு வளைந்த வேலை நமக்குத் தேநீர் ஆறும் நேரம். ஆயினும் அவர்கள் படியெடுத்தார்கள், நாம் எடுப்பதில்லை. கருவியே காத்துக்கொள்ளும் என்று நம்பி, காக்கும் கடமையை மறந்துவிட்டோம்.

சுவடி மரபு தரும் இன்னொரு பாடம், குறிப்பு எழுதுதல். புறநானூற்றுப் பாடல்களின் கீழே, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர், திணை இது, துறை இது என்ற குறிப்பு வருகிறது. அக்குறிப்பு இல்லையேல் பல பாடல்கள் யாரைப் பற்றியவை என்றே நாம் அறியமாட்டோம். குறுந்தொகையில் பெயர் மறைந்துபோன புலவரை அவருடைய பாட்டிலுள்ள தொடரைக்கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். நம் கைப்பேசிப் படங்களில் நாளும் சில சமயம் இடமும் தாமே பதிகின்றன. யார் என்பது பதிவதில்லை. அந்த நாளும் இடமும்கூட வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பும்போது உதிர்ந்துவிடுகின்றன. கூகுள் ஃபோட்டோஸில் நாம் எழுதும் விளக்கமோ, படங்களை மொத்தமாகத் திரும்பப் பெறும்போது தனிக் கோப்பாக வருகிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி திறந்து பார்க்கையில், வேட்டி கட்டிச் சிரிக்கும் இந்த மனிதர் யார் என்று எந்த அட்டையும் எந்த மேகமும் அவளுக்குச் சொல்லப் போவதில்லை.

கடைசியாகத் தெரிவு. படியெடுப்பது கடினமாக இருந்த காலத்தில், எதைப் படியெடுக்கத் தகும் என்ற எண்ணம் தானே எழுந்தது. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே தொகுத்தல் இருக்கிறது. இன்று ஒரே சாம்பாரை ஏழு கோணத்தில் எடுத்து ஏழையும் வைத்திருக்கிறோம். பிறகு இடம் போதவில்லை என்று கூடுதல் வாடகை கட்டுகிறோம், அல்லது அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீக்குகிறோம். அந்த அவசரத்தில்தான் அம்மாவின் கடைசிக் காணொளியும் சேர்ந்து போகிறது.

ஆதலால் நான் சொல்ல வருவது எளியது. ஒளிப்படக் கலைஞர்களிடையே மூன்று, இரண்டு, ஒன்று என ஒரு விதி வழங்குகிறது: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். கைப்பேசியில் ஒன்று, வீட்டு வன்தட்டில் ஒன்று, மேகத்திலோ வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர் வீட்டிலோ ஒன்று. மெமரி கார்டு பயணத்துக்கு உதவும். அதைக் கருவூலமாகக் கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள். ஏடு அடுக்கும் சரஸ்வதி பூசையாக இருக்கலாம், வேறெந்த நாளாகவும் இருக்கலாம். அன்று ஓர் ஆண்டின் படங்களிலிருந்து நூறைத் தெரிந்தெடுங்கள். யார், எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் பக்கத்தில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். பத்தையாவது தாளில் அச்சிடுங்கள். பழைய வன்தட்டுக்கு ஐந்தாறு வயதானால் புதியதில் படியெடுங்கள். கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவர் அறிய வழிசெய்யுங்கள்.

கார்டா, கிளவுடா என்று நண்பர்கள் இப்போதும் கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். வாங்கியபின் உங்கள் வீட்டில் படியெடுக்கப் போகிறவர் யார் என்பதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள்.