கண்டவர் ஒருவர், கொண்டவர் வேறொருவர்

அக்கரப்பத்தனையில் காற்றும் மழையும் கூடும் மாதங்களில் மின்சாரம் நின்றுபோவது புதினமன்று. சென்ற வாரமும் மாலை வகுப்பின் நடுவே விளக்கு அணைந்தது. மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கரும்பலகையின் மீது பாய்ச்சியவாறே கேட்டான்: “சேர், இந்த பெட்டரிய கண்டுபிடிச்சவரு பெரிய பணக்காரரா இருப்பாரு, என்ன?”

அவனுக்கு விடை கூறுவதிலேயே மிகுதி வகுப்பு கழிந்தது. வாசகர்களும் அதனைக் கேட்கலாமன்றோ?

அம்மின்கலத்தின் ஒரு முனையில் காரீயம் இருக்கிறது. நம் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பொருளின் இனந்தான். மறுமுனையில் ஓர் உலோக ஒட்சைட்டு. மின்னேற்றும்போது இலித்தியம் ஒட்சைட்டை விட்டுப் புறப்பட்டுக் காரீயத்தின் படைகளுக்குள் புகுந்து தங்கும். நாம் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்பும். இந்தப் போக்குவரவே மின்கலத்தின் உயிர்.

அந்த ஒட்சைட்டாகக் கோபால்ற்றுச் சேர்வை பொருந்தும் என்று 1980இல் காட்டியவர் ஒக்ஸ்போர்டில் பணியாற்றிய ஜோன் குடினஃப். ஆக்கவுரிமை என்பது ஒருவகை ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். கைம்மாறாகக் குறித்த காலம்வரை அவர் அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்து விற்கலாகாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அக்காலம் 20 ஆண்டுகள். ஆனால் குடினஃப்பின் பல்கலைக்கழகம் ஆக்கவுரிமை பெறுவதில் அக்கறை கொள்ளவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் முன்வந்தது. உரிமையும் அதனிடமே போயிற்று. 1991இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகெங்கும் பணம் புரண்டது. குடினஃப்புக்கு அதில் பங்கு வரவில்லை.

“அப்ப அவரு ஏமாந்துட்டாரா, சேர்?”

ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; அவர் ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தாலல்லவா அப்படிச் சொல்லலாம்!

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரையிற் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1985இல் ஒக்ஸ்போர்டில் குடினஃப்பிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இருவரும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். இரும்பு ஒட்சைட்டு தரும் மின்னழுத்தம் குறைவு. அதற்குப் பதிலாக இரும்புச் சல்பேற்றை வைத்தால் 3.6 வோல்ற்று கிடைப்பதை அவர்கள் கண்டனர். கந்தகம் ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்ள, இரும்பின் மீதுள்ள பிடி தளர்கிறது, அழுத்தம் உயர்கிறது.

இவ்வழியிலேயே அந்த ஆய்வுகூடத்திலிருந்து பின்னர் இலித்திய இரும்புப் பொசுபேற்று வந்தது. இரும்பும் பொசுபேற்றும் அரிய பொருள்களல்ல. எப்பாவலைப் பொசுபேற்றை நம் தேயிலைச் செடிகளுக்கே உரமாக இடுகிறோம். ஆயின் இதற்கும் வழக்கு வந்தது. அவ்வாய்வுகூடத்தில் தங்கிச் சென்ற ஆராய்ச்சியாளர் ஒருவரின் ஜப்பானிய நிறுவனம் 1995இல் தன் பெயரில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டது. பல்கலைக்கழகம் வழக்காடியது. 2008இல் நிறுவனம் 3 கோடி டொலர் கொடுத்துச் சமாதானமாயிற்று.

2019இல் குடினஃப்புக்கு 97ஆம் வயதில் நோபல் பரிசு கிடைத்தது. விற்றிங்காம், யோஷினோ ஆகியோரும் உடன் பெற்றனர். ஸ்ரொக்ஹோமில் குடினஃப்பின் நோபல் விரிவுரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரமே. அதைச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இருட்டில் ஆள் தெரியவில்லை.

கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோவிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்கள் சிலவற்றிற் பிள்ளைகளும் குழி தோண்டுகின்றனர். கோபால்ற்றே இல்லாமல், நிக்கலும் மங்கனீசும் அலுமினியமும் கொண்ட மின்வாயை மந்திரத்தின் குழுவினர் 2020இல் அறிவித்தனர். அதன் பொறிமுறையை விளக்கத் தொடங்குகையில் மாணவனின் கைத்தொலைபேசியும் அணைந்துவிட்டது. அடுத்த வகுப்பில் அங்கிருந்து தொடரவேண்டும்.